காணாமற்போன எண்ணெய்

ஆம்பல்வெளி மண்ணிலிருந்து வெளியேறிய எண்ணெயில் நாற்பது விழுக்காடு எங்கே போனது என்று தெரியவில்லை. இதை முதலில் கவனித்தவர் எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் சலேத்ராஜ். நம்ப மறுத்தவள் நான்.

"மேடம், மண்ணுல இருந்தது நூறு பங்குன்னா இப்ப மண்ணுல ஒண்ணுமே இல்ல. அறுத்து உலையில எரிச்ச புல்லுல முப்பத்தஞ்சு பங்கு போயிருக்கு. வேர்ல இருபத்தஞ்சு. மிச்சம் எங்க?" என்று அவர் கேட்டார்.

"அளவீட்டில் பிழை இருக்கலாம் அல்லவா, சலேத்?"

"மூணு தடவ பண்ணிட்டேன் மேடம். எண்ணெய் எங்கயும் நடந்து போவாது."

நான் அப்போது மண் மீட்பு மையத்தின் கள அலுவலர். செண்பகவல்லி என்பது என் பெயர். காவிரிப் படுகையில் பதினேழு ஊர்களின் நிலங்கள் எங்கள் மையத்தின் பொறுப்பில் இருந்தன. ஒவ்வோர் ஊரிலும் ஏதோ ஓர் ஆண்டில், ஏதோ ஒரு கச்சா எண்ணெய்க் குழாய் வெடித்திருந்தது. ஆம்பல்வெளியில் வெடித்தது ஆறு ஆண்டுகளுக்கு முன்பு. பதினொரு ஏக்கர் நன்செய் ஒரே இரவில் கருத்துவிட்டது. அந்த மண்ணில் நாங்கள் நட்டது ஆய்வுக்கூடத்தில் மரபணு திருத்தப்பட்ட ஒரு வெட்டிவேர்ப் புல்.

அதன் தன்மையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் புல் மண்ணிலுள்ள எண்ணெயை உறிஞ்சும். ஒரு பகுதியை இலைக்கு அனுப்பும். எஞ்சியதை வேரில் உள்ள நுண்ணிய பைகளில் பூட்டி வைத்துக்கொள்ளும். மண்ணில் எண்ணெய் இருக்கும்வரை அதன் இலை செம்பு நிறத்தில் இருக்கும். எண்ணெய் தீர்ந்தால் இலை பச்சையாகும். எனவே எழுத்தறியாதவரும் வரப்பில் நின்றபடியே மண் சுத்தமாகிவிட்டதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இந்த ஏற்பாட்டை நாங்கள் பெருமையாக எண்ணியிருந்தோம்.

நட்ட ஐந்து ஆண்டுகளுக்குள் இலை பச்சையாகாவிட்டால், அந்த நிலம் 'மீளா நிலம்' என்று அறிவிக்கப்படும். நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு, ஊரை நகரத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றிவிடும். பதினாறு ஊர்களில் புல் இன்னும் செம்பு நிறத்திலேயே இருந்தது. ஆம்பல்வெளி மட்டும் நான்கே ஆண்டுகளில் பச்சையாகிவிட்டது. சித்திரை முதல் நாளில், ஆண்டின் முதல் உழவாக நல்லேர் பூட்டும் நாளில், நிலத்தை ஊராரிடம் ஒப்படைப்பதாக நாளும் குறித்தாயிற்று. அதற்கு இன்னும் நான்கு நாட்களே இருந்தன.

சலேத் ஒரு வேர்க்கற்றையை என் மேசைமீது வைத்தார்.

"இதையும் பாருங்க மேடம். நாலு வருஷப் புல்லு. ஆனா வேர் எல்லாம் மூணு மாசத்துக்கு மேல இல்ல. எந்தக் குத்துல தோண்டினாலும் இப்படித்தான். யாரோ பழைய வேர எடுத்திருக்காங்க. எடுக்க எடுக்கப் புது வேர் விட்டிருக்கு. புது வேர் மறுபடியும் எண்ணெயக் குடிச்சிருக்கு. அதனாலதான் இந்த ஊரு மட்டும் சீக்கிரம் பச்சையாயிருக்கு."

"யார் எடுத்திருக்கக்கூடும்?"

"அது தெரியல. ஆனா வாசனையப் பாருங்க. தலையே சுத்துது. அத்தர் கடையில உக்காந்த மாதிரி இருக்கு." அவர் சாளரத்தைத் திறந்துவிட்டார். "எண்ணெய் ஏற ஏற இதுக்கு வாசனையும் ஏறுது."

நான் வேரை முகத்தருகே கொண்டுசென்றேன். ஒரு மணமும் வரவில்லை. நீர்க்கோத்து மூக்கடைத்திருக்கிறது போலும் என்று எண்ணிக்கொண்டேன். பிறகு மேசையிலிருந்த டெட்டால் புட்டியைத் திறந்து முகர்ந்தேன். அதிலும் ஒன்றும் இல்லை.

சலேத்திடம் இதைச் சொல்லவில்லை. அவர் கவலைப்படுவார் என்று தோன்றியது.

*

அன்று முற்பகலே ஆம்பல்வெளிக்குப் புறப்பட்டேன். சலேத்தும் மாதிரிப் பெட்டியுடன் உடன் வந்தார்.

அந்த ஊரில் நான் முதலில் செல்லும் வீடு தையல்நாயகி அக்காவின் வீடு. குழாய் வெடித்த இடத்திற்கு மிக அருகில் இருந்தது அவர்களுடைய இரண்டு ஏக்கர். அவர் கணவர் உத்திராபதி வாசலில் அமர்ந்து ஒரு கலப்பைக் கொழுவை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துணி அவர் கையிலிருந்து இருமுறை நழுவி விழுந்தது.

"வாங்க ஆபீஸரம்மா! பாத்தீங்களா நம்ம வயல? கிளி உக்காந்தா தெரியாது, அவ்வளோ பச்ச!" என்றார். "டிராக்டர்ல ஓட்டுன்னு மவ சொல்றா. நல்லேருக்கு மாடுதான்னு சொல்லிட்டேன். ஒத்தச் சால் ஓட்டுனாலும் மாட்டுல ஓட்டணும்."

"தங்கள் கைகளுக்கு என்ன, அண்ணே? நடுங்குகின்றனவே?"

"அது ஒண்ணுமில்ல. நெலம் வருதுன்னு கை ஆடுது. கால் ஆடுறதுக்குள்ள ஓட்டிப்புடணும்."

தையல்நாயகி அக்கா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "ஆபீஸரம்மா பேசுனா ரேடியோவுல சேதி வாசிக்கிற மாதிரியே இருக்கு. 'நடுங்குகின்றனவே'யாம். இவருக்கு ஆறு மாசமா இப்படித்தாம்மா. சோத்துல உப்புப் போட்டா பாதி தரையிலதான். ஆஸ்பத்திரிக்கு வான்னா, நல்லேர் முடியட்டும்னு நிக்கிறாரு. செத்த உக்காருங்க, தண்ணி கொண்டாரேன்."

எப்போதும்போல் பளபளக்கும் எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் வந்தது. எப்போதும்போல் நானும் அதை வாங்கிக்கொண்டேன். சலேத்திற்கும் ஒரு தம்ளர் நீட்டினார்கள். அதை வாயருகே கொண்டுசென்ற சலேத் முகர்ந்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அவர் பார்வை தம்ளரிலிருந்து என் சொம்புக்கும் அங்கிருந்து என் முகத்திற்கும் வந்தது.

"மேடம், குடிக்காதீங்க" என்றார்.

நான் ஏற்கெனவே பாதி குடித்திருந்தேன்.

"அக்கா, தவறாக நினைக்க வேண்டாம்" என்றேன். "தங்கள் தண்ணீர்ப் பானையை ஒருமுறை பார்க்கலாமா?"

"அதுக்கு என்னாம்மா, வாங்க."

அடுப்படி மூலையில், ஈர மணலின்மேல் மண்பானை இருந்தது. தையல்நாயகி அக்கா மூடியைத் தூக்கினார். நீருக்குள், வெள்ளைத் துணியால் நேர்த்தியாகக் கட்டப்பட்ட ஒரு வேர்க்கற்றை கிடந்தது. சன்னலில் அதே வேரால் பின்னிய தட்டி தொங்கியது. அதன்மீது நீர் தெளித்திருந்தார்கள். அடுப்பின் அருகே எரிப்பதற்காகப் பழைய வேர் குவித்து வைக்கப்பட்டிருந்தது.

காணாமற்போன நாற்பது விழுக்காடு அங்கே இருந்தது.

*

"எல்லார் வீட்லயும் போடுறதுதானேம்மா" என்றார் தையல்நாயகி அக்கா. "பானையில வெட்டிவேர் போடுறது என்னா புதுசா? முன்னயெல்லாம் கடையில வாங்குவோம். இப்ப வயல்லயே இருக்கு. அதுவும் நாங்க புல்லச் சாகடிக்கல. தாய்க்கட்டைய வுட்டுட்டுப் பக்க வேர மட்டும் கீறி எடுத்து, மறுபடி மண்ண அணைச்சு வுட்டுருவோம். ஒரு குத்துகூடப் பட்டுப்போவல. நீங்களே பாத்தீங்கள்ல?"

"அக்கா, அந்த வேருக்குள்தான் எண்ணெயின் நஞ்சு பூட்டியிருக்கிறது. புல் உயிரோடு நிற்கும்வரை பூட்டு திறக்காது. அறுத்த வேரைத் தண்ணீரில் போட்டால் அது மெல்லத் திறந்துகொள்ளும்."

"அப்ப இந்தத் தண்ணி?"

சலேத் பதில் சொன்னார். "விஷங்க."

தையல்நாயகி அக்கா பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "பலகையில அப்படி எழுதலியேம்மா" என்றார்.

அந்தப் பலகையைப் பற்றி நான் சொல்லத்தான் வேண்டும். வயலின் நான்கு மூலைகளிலும் அது நிற்கிறது. 'இத்தாவரத்தின் எப்பகுதியையும் அகற்றாதிருக்குமாறு பொதுமக்கள் பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' வாசகம் என்னுடையது; இந்த ஊருக்கு வரும் முன்பே அலுவலகத்திலிருந்து எழுதியது. முதலில் நான் எழுதியது வேறு: 'இந்த வேர் விஷம். தண்ணீரில் போடாதீர்கள்.' எங்கள் இயக்குநர் குஞ்சிதபாதம் அவர்கள் அதைப் பச்சை மையால் அடித்துவிட்டு, "விஷம்னு போட்டா ஊரு பயந்து நடவே விடாதும்மா. கொஞ்சம் மரியாதையா எழுதுங்க" என்றார். மரியாதையாக எழுதுவது எனக்கு எளிது. எழுதிக் கொடுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

"பார்க்குல 'பூவப் பறிக்காதீங்க'ன்னு எழுதியிருப்பாங்களே, அந்த மாதிரின்னு நெனச்சோம்" என்றார் தையல்நாயகி அக்கா.

"எப்போதிலிருந்து போடுகிறீர்கள்?"

தையல்நாயகி அக்கா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். வாசலிலிருந்து உத்திராபதிதான் குரல் கொடுத்தார். "சொல்லேன், அவங்களுக்காகத்தான் போட்டேன்னு."

அப்படித்தான் நடந்திருக்கிறது. குழாய் வெடித்தபின் ஊருக்கு ஆழ்துளைக் கிணறு அமைத்து, வடிகட்டியும் பொருத்திக் கொடுத்தோம். அந்த நீரில் தீங்கு ஒன்றும் இல்லை. ஆனால் மண்ணெண்ணெய் வாடை மட்டும் போகவில்லை. நான் முதன்முறை வந்தபோது அந்தத் தண்ணீரைத்தான் தந்திருக்கிறார்கள். நான் முகம் சுளிக்காமல் முழுவதையும் குடித்தேன். ஆனால் குடிக்கையில் என் கண்கள் கலங்கியதைத் தையல்நாயகி அக்கா பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு நாறும் தண்ணீரைக் கொடுத்தோமே என்று அவருக்கு அன்றெல்லாம் சோறு இறங்கவில்லையாம். அடுத்த முறை நான் வருவதற்கு முன் வயலில் இறங்கி வேர் எடுத்துக் கழுவிப் பானையில் போட்டிருக்கிறார்.

அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு நான் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "எவ்வளவு மணமாக இருக்கிறது, அக்கா! இப்படியொரு தண்ணீரை நான் குடித்ததே இல்லை." நாட்டு வெட்டிவேர் என்று எண்ணினேன். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்கவில்லை. விருந்தாளி கேட்கக்கூடிய கேள்வியாக அது தோன்றவில்லை.

"ஆபீஸரம்மாவே நல்லாருக்குன்னுட்டாங்கன்னு ஊரெல்லாம் சொன்னேன்" என்றார் அவர். "முப்பத்தோரு வீட்லயும் போட ஆரம்பிச்சுட்டாங்க. யார் வீட்டுக்கு வந்தாலும் நீங்க மொகம் சுளிக்கக் கூடாதுல்ல."

என் வருகைப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் இருபத்தொன்று. 'ஊர்மக்கள் அன்புடன் வரவேற்றனர்' என்று எழுதியிருந்தேன்.

*

அன்று மாலையே சலேத் என் இரத்தத்தையும் உத்திராபதியின் இரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார். என் முடிவை அவர் வாயால் சொல்லவில்லை, தாளை நீட்டினார். பிறகு உத்திராபதியின் முடிவையும் நீட்டினார். அவருடையது என்னுடையதைப்போல் ஏழு மடங்கு. நான் மாதம் இருமுறை வருபவள். அவர் தினமும் குடிப்பவர்.

"மொதல்ல மோப்பம் போவும்" என்றார் சலேத். "அப்புறம் விரல் நுனி மரத்துப்போவும். அப்புறம் நடுக்கம். அதுக்கப்புறம் சிறுநீரகம். மேடம், உங்களுக்கு..."

"மோப்பம் மட்டும்தான், சலேத். நன்றி."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சிகிச்சை இல்லாமல் இல்லை. மண்டல மருத்துவமனையில் பன்னிரண்டு வார இரத்தச் சுத்திகரிப்பு உண்டு. முதன்முதலாக நஞ்சு உடலில் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடங்கினால் நடுக்கம் நிற்கும், சிறுநீரகம் தப்பும். தையல்நாயகி அக்காவின் வீட்டிற்கு இன்னும் பதினோரு நாட்கள் இருந்தன. ஆனால் அந்தச் சிகிச்சைக்கு ஊரின் பெயரில் பாதிப்புச் சான்று வேண்டும். பாதிப்புச் சான்று பெற்ற ஊரின் நிலம், புல் எந்த நிறத்தில் இருந்தாலும், எப்போது கண்டறியப்பட்டாலும், மீளா நிலமாகிவிடும். மனிதர் உடலில் நஞ்சு ஏறிய இடம் மனிதர் வாழத் தகுந்ததன்று என்பது சட்டத்தின் கருத்து. நல்ல எண்ணத்தில் எழுதப்பட்ட சட்டம்தான்.

சான்று பெற்றால் நிலம் போய்விடும். பெறாவிட்டால் உயிர். மூன்றாவதாக ஒரு வழி அன்றிரவு முழுவதும் எனக்குப் புலப்படவில்லை.

காலையில் இயக்குநர் தொலைபேசியில் அழைத்தார். மகிழ்ச்சியாக இருந்தார். "மத்த பதினாறு ஊரும் செவப்பாவே நிக்குது. உங்க ஊரு மட்டும் எப்படிம்மா பச்சையாச்சு? மேலிடத்துல கேக்குறாங்க. என்ன பண்ணினீங்கன்னு ஒரு பக்கம் எழுதி அனுப்புங்க. எல்லா ஊர்லயும் அதையே செஞ்சிடலாம்."

"எழுதி அனுப்புகிறேன், ஐயா" என்றேன்.

*

ஊரார் நூற்று நாற்பத்து மூவரில் ஏறத்தாழ அனைவரும் ரேஷன் கடை முன்னால் கூடியிருந்தார்கள். பானைகள் எல்லாம் கவிழ்க்கப்பட்டிருந்தன. நான் எழுந்து நின்று, நடந்ததையும் நடக்கக்கூடியதையும் மறைக்காமல் சொன்னேன். பலகையைப் பற்றியும் சொன்னேன். யாராவது என்னை ஏசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் ஏசவில்லை. அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"இப்ப நீங்க எழுதலன்னா?" என்று கேட்டவர் தையல்நாயகி அக்கா.

"எழுதாவிட்டால் நிலம் தங்களிடமே இருக்கும். ஆனால் சிகிச்சை கிடையாது."

"அப்ப எழுதாதீங்க."

"அக்கா..."

"ஆறு வருஷம்மா. ஆறு வருஷமா அடுத்தவன் வயல்ல நட்டுக்கிட்டு, சாயங்காலம் ஆனா நம்ம வரப்புல வந்து நின்னு, இன்னும் செவப்பா இருக்கா, இன்னும் செவப்பா இருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்தோம். இப்பத்தான் பச்சையாயிருக்கு. அந்த எண்ணெயெல்லாம் மண்ணுல இல்லல்ல? எங்க ஒடம்புலதானே இருக்கு? இருந்துட்டுப் போவட்டும். நாங்க இன்னும் எத்தன நாளு? நெலம் கெடக்கும். அதுதான் புள்ளைங்களுக்கு வேணும்."

கூட்டத்தில் பலர் தலையசைத்தார்கள். உத்திராபதி இரு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. இருந்தும் கேட்டேன். "அக்கா, அபயா ஊருக்கு வந்து எத்தனை நாளாகிறது?"

அபயாம்பாள் அவர்களுடைய ஒரே மகள். தலைப்பிரசவத்திற்காகத் தாய்வீடு வந்திருந்தாள். கூட்டத்தின் ஓரத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வயிற்றைத் தாங்கியபடி அமர்ந்திருந்தாள்.

"ஏழு வாரம்" என்றாள் அபயாவே. பிறகு, "அம்மா, எனக்கும் நாலஞ்சு நாளா பூ வாசனை தெரியல. மசக்கைன்னு நெனச்சேன்" என்றாள்.

தையல்நாயகி அக்கா மகளைப் பார்த்தார். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னா செய்யணுமோ செய்யுங்க" என்றார் உத்திராபதி. அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை; வயலைப் பார்த்துச் சொன்னார். "நெலம் போனாப் போவட்டும்."

அப்போது அவர் அழுதார். கண்ணீரைத் துடைக்க உயர்ந்த கை கண்ணை எட்டாமல் காற்றில் ஆடியது.

*

அலுவலகம் திரும்பியதும் மையத்தின் விதித் தொகுப்பை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன். விதிகளைப் படிப்பது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும். நானூற்றுப் பதினேழாம் பக்கத்தில் படிவம் ஏழு இருந்தது: பணியின்போது நஞ்சேறிய ஊழியருக்கான சிகிச்சை விண்ணப்பம். ஊழியர் தம் உடையிலும் உடலிலும் நஞ்சை வீட்டிற்குக் கொண்டுசெல்லக்கூடும் என்பதால் ஐந்தாம் கேள்வி இவ்வாறு இருந்தது: 'ஊழியருடன் குடிநீரைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்தாரின் பெயரும் உறவும்.' அவர்களுக்கும் அதே சிகிச்சை. ஊரின் பெயரோ நிலத்தின் பெயரோ அந்தப் படிவத்தில் எங்கும் கேட்கப்படவில்லை.

ஒன்பதாம் கேள்வி காரணத்தைப் பற்றியது. 'நிறுவனக் குறைபாடு' என்று குறித்தால் விசாரணை நடக்கும். ஆறு மாதம் ஆகும். 'ஊழியரின் கவனக்குறைவு' என்று குறித்தால் ஏழு நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கும். ஊழியர் பணிநீக்கம் செய்யப்படுவார்.

"மேடம், நூத்தி நாப்பத்திமூணு பேரக் குடும்பம்னு எழுதுவீங்களா?" என்றார் சலேத்.

"எத்தனை பேர் என்ற வரம்பு குறிப்பிடப்படவில்லை, சலேத்."

"நாலே நாலு கோடுதான் போட்டிருக்காங்க."

"கூடுதல் தாள் இணைக்கலாம் என்று அடிக்குறிப்பு இருக்கிறது."

மறுநாள் காலை முழுவதும் தையல்நாயகி அக்காவின் வாசலில் அமர்ந்து எழுதினேன். ஒவ்வொருவராக வந்து பெயரைச் சொன்னார்கள். உறவு என்ற கட்டம் வந்தபோதுதான் குழப்பம்.

"என்னய அக்கான்னு போடு" என்றார் தையல்நாயகி அக்கா. அவர் என்னை ஒருமையில் அழைத்தது அதுவே முதன்முறை. "பொய் இல்ல. ரெண்டு வருஷமா அப்படித்தானே கூப்புடுற?"

"அப்ப நான் மாமன்" என்றார் உத்திராபதி. "அண்ணன்னு போட்டுப்புடாத. அக்கா புருஷன் அண்ணனாவ முடியாது. மேல இருக்கிறவன் படிச்சவன், கண்டுபுடிச்சுருவான்."

பலர் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தங்கள் முறையைத் தாங்களே சொன்னார்கள்: சித்தப்பா, அத்தை, நாத்தனார், கொழுந்தன், மச்சான். பிறக்கப்போகும் குழந்தைக்கும் ஒரு வரி விடச் சொன்னாள் அபயா. 'அக்காள் மகள் வயிற்றுப் பேரப்பிள்ளை' என்று எழுதினேன். எனக்கு வயது முப்பத்தொன்று.

ஒன்பதாம் கேள்விக்கு ஊழியரின் கவனக்குறைவு என்று குறித்தேன். விவரம் என்ற இடத்தில், 'வேர் விஷம் என்று தெரிந்தும் நான் அதை மக்களிடம் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரைப் புகழ்ந்தேன்' என்று எழுதினேன். எழுதும்போது பேனா விரல்களுக்கிடையில் சற்று வழுக்கியது. விரல் நுனியை மேசை விளிம்பில் அழுத்திப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை.

படிவத்தில் இயக்குநரின் பரிந்துரைக் கையொப்பம் வேண்டும். அன்று பிற்பகலே அதை அவர் மேசையில் வைத்தேன். அவர் தாள்களைப் புரட்டினார். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது.

"என்னம்மா இது? ஒரு ஊரையே குடும்பம்னு எழுதியிருக்கீங்க! இதுல நான் கையெழுத்துப் போட்டா என் வேலையும் போயிடும்."

"கடைசித் தாளையும் பார்க்க வேண்டும், ஐயா."

கடைசித் தாள், பலகைக்காக நான் எழுதிய முதல் வரைவின் மூலப்படி. 'இந்த வேர் விஷம். தண்ணீரில் போடாதீர்கள்.' அதன் குறுக்கே பச்சை மையில் ஒரு கோடு. கோட்டின் அருகே அவருடைய சுருக்கொப்பமும் நாளும். எதையும் கோப்பில் பத்திரப்படுத்தும் வழக்கம் எனக்கு உண்டு.

அவர் அந்தத் தாளை எடுத்துப் படித்தார். மின்விசிறி காற்றில் அதன் ஓரம் படபடத்தது.

"படிவத்தில் முழுத் தவறும் என்னுடையது என்றுதான் இருக்கிறது" என்றேன். "கையொப்பம் இட்டபின் இந்த இணைப்பைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம்."

"நீங்களாம்மா இப்படிப் பேசுறது?"

எனக்கும் அதே வியப்பு இருந்தது.

அவர் பச்சைப் பேனாவை எடுத்தார்.

என் அறைக்குத் திரும்பியதும் வேலையாக எனக்கு ஒன்றுதான் எஞ்சியிருந்தது. மற்ற பதினாறு ஊர்களின் அலுவலர்களுக்கும் ஒரே வாசகத்தை அனுப்பினேன்: 'வேர் விஷம். தண்ணீரில் போட விடாதீர்கள். உடனே பானைகளைப் பாருங்கள்.' பெறுநருக்கு வணக்கமும் இல்லை. முடிவில் நன்றியும் இல்லை. இரண்டு ஊர்களிலிருந்து உடனே பதில் வந்தது. அவர்கள் பார்த்துவிட்டார்கள். அங்கும் பானைகளில் வேர் இருந்தது.

*

சித்திரை முதல் நாள் காலையில் ஆம்பல்வெளியில் நல்லேர் பூட்டினார்கள். பத்தொன்பதாம் தேதி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப் பேருந்துகள் வரும் என்று உறுதி வந்திருந்தது. எல்லோருக்கும் முழுமையாகக் குணமாகும் என்று யாரும் சொல்லவில்லை. நடுக்கம் பெரும்பாலோருக்கு நின்றுவிடும். அபயாவின் குழந்தையைப் பற்றி இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது. போன மோப்பம் திரும்பாது என்றார் மருத்துவர்.

வடமூலையில் ஒரு பாத்தி அளவுக்குப் புல்லை வேரோடு தோண்டி உலைக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். பலகையில் பழைய வாசகத்தின்மேல் வெள்ளை அடித்து, சலேத் தம் கையாலேயே நான்கு சொற்களை எழுதியிருந்தார்: 'வேர் விஷம். தண்ணீரில் போடாதீர்கள்.' மாடுகளுக்குப் பொட்டிட்டு மாலை போட்டிருந்தார்கள். உத்திராபதி கலப்பையின் மேழியைப் பிடித்தார். அது அவர் கையில் நிற்கவில்லை. தையல்நாயகி அக்கா பின்னால் வந்து, அவர் கைகளின்மேல் தம் கைகளை வைத்து இறுகப் பற்றிக்கொண்டார்.

"என்னாடி, கட்டிக்கிட்டு ஓட்டுற? ஊரே பாக்குது."

"பாக்கட்டும். நீங்க மாட்டப் பாத்து ஓட்டுங்க."

ஒரே ஒரு சால். கோணலாகத்தான் போனது. ஆனால் கொழு இறங்கிய இடத்தில் மண் பிளந்து, ஈரமாக, கருஞ்சிவப்பாகப் புரண்டு விழுந்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மண் புரண்டது.

உத்திராபதி குனிந்து ஒரு பிடி அள்ளினார். பாதி விரலிடுக்கில் சிந்தியது. மிச்சத்தை மூக்கருகே வைத்து ஆழமாக இழுத்தார். மறுபடியும் இழுத்தார். பிறகு தையல்நாயகி அக்காவிடம் நீட்டினார். அவரும் முகர்ந்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். அந்த ஒரு பிடி மண் கை மாறிக் கை மாறி, வரப்பில் நின்ற அத்தனை பேரையும் கடந்து என்னிடம் வந்தது. நானும் முகர்ந்து பார்த்தேன்.

ஊரார் எல்லோரும் சலேத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே நின்றவர்களில் அந்தத் தண்ணீரைக் குடிக்காதவர் அவர் ஒருவர்தான்.

நான் மண்ணை அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் முகர்ந்தார்.

"மண்ணெண்ணெ அடிக்குதா தம்பி?" என்று கேட்டார் தையல்நாயகி அக்கா.

"இல்லீங்க. மண்ணு வாசனதான். வேற எதுவும் இல்ல."

"நல்லா மோந்து பாத்துச் சொல்லுப்பா."

அவர் மறுபடியும் முகர்ந்தார். நூற்று நாற்பத்து மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி இருக்கு?" என்றார் உத்திராபதி. "சொல்லு தம்பி. எப்படி இருக்கு?"

சலேத் வாயைத் திறந்தார். மண்ணைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். எவ்வளவு நேரம் காத்திருந்தும் அவருக்குச் சொல் கிடைக்கவில்லை.